அப்புச்சி சொல்ற கெட்ட புத்தி

அம்மிணி, உன்ற மார்க்கு சீட்டைப் பார்த்தேன். மனசு குளுந்துபோச்சு. இந்தக் குடும்பத்துல படிப்பு ஏறாத ஆளு நான் ஒருத்தன்தான்னு உங்க அம்மாயி இருந்த வரைக்கும் சொல்லிக்காட்டிக்கிட்டே இருந்தா. இப்பத்தான் எனக்கு ஒரு தொணை கெடைச்சிருக்குது.

பயாலஜியில சி பிளஸ். ஜெனரல் கெமிஸ்ட்ரியில சி மைனஸ். கால்குலஸ்ல டி. இங்கிலீஷ் எழுத்துப் பாடத்துல மட்டும் ஏ மைனஸ். அதாவது, நோவு என்னன்னு உனக்குத் தெரியாது. ஆனா அதைப் பத்தி நாலு பக்கம் அழகா எழுதிக் குடுத்திருவ. பொறவு எதுக்குச் சாமி இத்தனை வெசனம்?

உங்கம்மா மூஞ்சியைத்தான் பார்க்க முடியலை. மார்க்கு வந்ததிலிருந்து இங்க எடிசன் ஊர்ல ஒரு விசேசத்துக்கும் போகமாட்டேங்கறா. போனா, "பொண்ணு என்ன பண்றா?"ன்னு கேப்பாங்களாமா. ஊர்ல இருந்து போன் வந்தாலும் அதே பேச்சுத்தான். அங்க நம்ம ஒறம்பரைக்குத் தெரிஞ்சது ஒரே வழி: பன்னெண்டாவது முடிக்கோணும், நீட் எழுதோணும், பதினெட்டு வயசுல கழுத்துல ஸ்டெதாஸ்கோப் தொங்கோணும். அமெரிக்காவுல அப்படி இல்லீங்க, மொதல்ல நாலு வருசம் ஒரு டிகிரி முடிச்சு, எம்கேட்டுங்கற நுழைவுப் பரிச்சை எழுதி, அப்ளிகேசன் போட்டு, நேர்ல கூப்பிட்டுப் பேசி, பொறவுதான் நாலு வருச மருத்துவப் படிப்புன்னு நான் விளக்கிச் சொன்னா, "அப்ப புள்ளை ஃபெயிலாப் போயிருச்சாட்ட இருக்குது, பெரியவரு சுத்தி வளைக்கறாரு"ன்னு அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க.

இந்த வாயையெல்லாம் அடைக்கறதுக்கு நீ ஒரு திட்டம் போட்டிருக்கறயாமா. அடுத்த பருவத்துல இருபது கிரெடிட்டுக்குப் பாடம் எடுக்கறது. கோடை லீவுல எம்கேட்டை ஒருக்கா எழுதிப் பார்த்துப்போடறது. மூணாவது வருசம் முடிஞ்ச ஜூன் மாசமே அப்ளிகேசனைத் தட்டி உட்டுப்போடறது. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. கெட்டுப்போறதுக்கு இத்தனை வழியிருக்குது, அத்தனையிலயும் ஒரே சமயத்துல ஒரு ஆளு போக முடியும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

நல்ல புத்தி சொல்றதுக்கு உங்கப்பன் இருக்கறாரு, காலேஜுல அட்வைசர் இருக்கறாங்க. எனக்கு வர்றது கெட்ட புத்திதான். பார்க்குல என்ற கூட நடக்கிற ரிட்டையர்டு டாக்டர் ஒருத்தரு, ஒரு காலத்துல மருத்துவக் கல்லூரிக்கு ஆள் எடுக்கிற கமிட்டியில உக்காந்தவரு. அவரு வாயைக் கிண்டிக் கிண்டி வாங்கினதையும் சேர்த்துத்தான் சொல்றேன். கேட்டு அதும்படி நடந்துக்கோ.

மொதக் கெட்ட புத்தி. மார்க்கு ஏன் விழுந்துச்சுன்னு மட்டும் யோசிச்சுப்போடாதே. "நான் முட்டாளு"ன்னு சொல்லி ஒரு பாட்டம் அழுது தீத்துட்டு, நேரா அடுத்த பருவத்துக்குப் போயிரு. அழுகையில ஒரு சவுகரியம், அது கணக்குக் கேக்காது. யோசிக்கப் போனயின்னாத்தான் வம்பு. லீவுல வந்தப்ப நீ படிச்ச லட்சணத்தை நான் சோபாவுல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்? மஞ்சப் பேனாவுல கோடு போடற. ஒரு பக்கத்துல நாலு வரி போக மிச்சமெல்லாம் மஞ்சள். அந்த நாலு வரிதான் பரிச்சையில வந்திருக்கும்னு நெனைக்கறேன். புஸ்தகத்தை மூடி வெச்சுப்போட்டு, வெள்ளைத் தாள்ல நீயா ஒரு கணக்கைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. தூங்கறது ராத்திரி மூணு மணிக்கு, வகுப்பு காத்தால எட்டு மணிக்கு. ஏழு சங்கத்துல மெம்பரு. அதுக்கு ஏழு டி-சர்ட்டு. வாத்தியாரு ஆபீஸ் அவர்ஸுன்னு வாராவாரம் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாராமா. போனயா கண்ணுன்னு கேட்டா, "கூச்சமா இருக்குது அப்புச்சி"ங்கற. டி வாங்கறதுக்கு வராத கூச்சம், அது ஏன் வந்துச்சுன்னு கேக்கறதுக்கு வருது.

அந்தக் கதவுக்குள்ள போனயின்னா ரெண்டு சோலி ஆகும். பாடம் புரியும். பின்னாடி சிபாரிசுக் கடுதாசி எழுதறதுக்கு உன்ற பேரும் மூஞ்சியும் தெரிஞ்ச ஒரு வாத்தியாரு இருப்பாரு. முந்நூறு பேரு உக்கார்ற வகுப்புல கடைசி வரிசையில ஒளிஞ்சிருந்த புள்ளைக்கு அவரு என்னத்த எழுதுவாரு, "இந்தப் பொண்ணை எனக்குத் தெரியாது, நல்லாருக்கட்டும்"னா?

இன்னொண்ணு. தூக்கம் வராம, சோறு எறங்காம, எந்திரிக்கவே மனசில்லாம கெடந்து அதனால மார்க்கு போயிருந்துச்சுன்னா, அது படிப்புச் சமாசாரம் இல்லை. அதுக்குன்னு காலேஜுலயே ஆளுங்க இருக்கறாங்க, போய்ச் சொல்லு. இதுல மட்டும் நான் கேலி பண்ணலை.

ரெண்டாவது கெட்ட புத்தி. பழைய மார்க்கை அழிச்சுப்போடலாம்னு நம்பு. சில காலேஜுல, பாடத்தைத் திருப்பிப் படிச்சா புது மார்க்கை மட்டும் சராசரியில சேத்துக்கறாங்க. நீ சந்தோசமா வந்து சொன்ன. ஆனா இங்க மொத டாக்டர் பட்டமே எம்.டி.தான்; அந்தக் கல்லூரிகளுக்கு அப்ளிகேசன் போற ஆம்காஸ்ல பழசு, புதுசு ரெண்டையும் சேத்துத்தான் சராசரி போடுவாங்களாமா. டி.ஓ.ங்கற இன்னொரு டாக்டர் பட்டத்துக் கல்லூரிகளுக்கான ஆகோமாஸ்ல புது மார்க்கை மட்டும் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. 2017-ல அதையும் நிறுத்திப்போட்டாங்க. நான் பால் சொசைட்டியில கணக்கு எழுதினவன், அம்மிணி. பாலுல கலந்த தண்ணியைத் திருப்பி எடுத்தவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. மேல மேல நல்ல பாலை ஊத்தலாம், லாக்டோமீட்டர் மெதுவா மேல வரும். அவ்வளவுதான் ஆகும். அதுவே போதும்.

எதைத் திருப்பிப் படிக்கறது, எதை உடறதுங்கறதுலயும் ஒரு நெதானம் வேணும். சி-க்குக் கீழ போனா நெறையக் கல்லூரிக அந்தப் பாடத்தை ஏத்துக்கறதில்லை. அதனால ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் திருப்பிப் படி. கால்குலஸை நெறைய எடத்துல கட்டாயம்னு கேக்கறதில்லை, ஸ்டாட்டிஸ்டிக்ஸே போதும்பாங்க; நீ போகோணும்ங்கற கல்லூரி என்ன கேக்குதுன்னு பார்த்து முடிவு பண்ணு. பயாலஜி சி பிளஸை அப்படியே உட்டுரு. அதையே இன்னொருக்கா படிச்சு ஏ வாங்கினா, "ரெண்டாந்தடவை படிச்சா ஆருக்குத்தான் வராது?"ம்பாங்க. அதுக்கு மேல இருக்கிற ஜெனடிக்ஸ், பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி இதுகள்ல ஏ வாங்கு. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நாலையும் சேத்துத் தனியா ஒரு சராசரி போட்டுப் பார்ப்பாங்களாமா. உன்ற எழுத்துப் பாடத்து ஏ மைனஸ் அந்தப் பந்தியில உக்காரவே முடியாது.

மூணாவது கெட்ட புத்தி. இருபது கிரெடிட் எடு. பதினஞ்சுல தடுக்கி விழுந்தவ இருபதுல எந்திரிச்சு நிப்பாங்கறது ஒரு புதுக் கண்டுபிடிப்பு. நோபல் பரிசுக்கே அனுப்பலாம். அனுப்பறதுக்கு முன்னால எதுக்கும் பதிமூணு, பதினாலு எடுத்துப் பாரு. 12-க்குக் கீழ போகாதே. அதுக்குக் கொறைஞ்சா முழுநேர மாணவிங்கற கணக்கு போயிரும், உதவிப் பணமும் அடிபடும். திருப்பிப் படிக்கிற கெமிஸ்ட்ரி, கூட இன்னொரு சயின்ஸ், மிச்சம் லேசான பாடம். அத்தனையிலயும் ஏ. அடுத்த பருவம் பதினஞ்சு. அதுக்கடுத்து மூணு சயின்ஸ். அப்படிப் படிப்படியா ஏத்திக்கிட்டே போகோணும். பருவத்துக்கு ஒரே ஒரு சயின்ஸுன்னு கடைசி வரைக்கும் பதுங்கிக்கிட்டே இருந்தாலும் கமிட்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சிரும். மருத்துவக் கல்லூரியில பாடம் வரிசையில நின்னா வரும்? எல்லாஞ் சேர்ந்து ஒரே நாள்ல வந்து கதவைத் தட்டும்.

வகுப்பு சரியாப் போகலைன்னா, கெடுவுக்குள்ள விலகிக்கலாம். டபிள்யூன்னு போடுவாங்க, சராசரியில ஏறாது. ஒண்ணு இருந்தா ஆரும் கேக்கமாட்டாங்க. பருவத்துக்கு ரெண்டுன்னு இருந்தா, "இந்தப் புள்ளைக்கு விலகறதுதான் மெயின் பாடமா?"ன்னு கேப்பாங்க.

நாலாவது கெட்ட புத்தி. எம்கேட்டை "சும்மா எழுதிப் பாரு". கமிட்டிக்காரங்களுக்கு சும்மான்னு ஒண்ணு இல்லை, எம்.டி. கல்லூரிகளுக்கு அப்ளிகேசன் போட்டா நீ எழுதின அத்தனை மார்க்கும் அங்க போய் உக்காந்துக்கும். கொறைஞ்சது 472, கூடினது 528, நடுவுல 500. வருசத்துக்கு மூணு தடவை, ரெண்டு வருசத்துல நாலு, ஆயுசுக்கே ஏழு தடவைதான் எழுதலாம். ஏழரை மணி நேரத்துச் சங்கதி. நாலு பாகத்துல ஒண்ணு, படிக்கக் குடுக்கறதைப் புரிஞ்சு பதில் சொல்றது. அங்கதான் உன்ற ஏ மைனஸுக்கு வேலை. மத்த மூணுல ரெண்டுக்கு, இப்பச் சரியாப் படிக்காம உட்ட அதே கெமிஸ்ட்ரியும் பயாலஜியுந்தான் முக்கியமா வரும். பயோகெமிஸ்ட்ரி முடிக்காம அதுல போய் உக்கார்றதுக்கு, அந்தக் காசுல எனக்கொரு நல்ல செருப்பு வாங்கிக் குடு. அந்தப் பரிச்சையில எடுத்தா, "மூளை இருக்குது"ன்னு ஒத்துக்குவாங்க. ஆனா நாலு வருச மார்க்கை அது துடைச்சுப்போடாது. மூளை இருக்கிற புள்ளை ஏன் படிக்கலைன்னு சில பேரு கூடக் கோவிச்சுக்குவாங்க.

இப்ப அஞ்சாவது. இதுதான் உன்ற திட்டத்துலயே உசத்தியான கெட்ட புத்தி: அவசரம். ஒரு பென்சிலை எடு. கால்குலஸ் இல்லை, பயப்படாதே; கூட்டலும் வகுத்தலுந்தான்.

மொத வருசம் 30 கிரெடிட், சராசரி 2.4. ஆக 72 புள்ளி. இனிமே நீ புத்தி வந்து, வருசா வருசம் 3.8 வாங்கறயின்னு வெச்சுக்கோ. மூணாவது வருசம் முடிஞ்ச ஜூன்ல அப்ளிகேசன் போட்டா, 90 கிரெடிட்டுக்கு 300 புள்ளி, சராசரி 3.33. நாலாவது வருசம் நீ ராப்பகலாப் படிச்சு வாங்கற மார்க்கு அந்தச் சராசரியில ஏறவே ஏறாது. ஒரு வருசம் பொறுத்து, டிகிரி முடிச்சுப் போட்டா 120 கிரெடிட்டுக்கு 414 புள்ளி, 3.45. டிகிரிக்கு மேல ஒரு வருசம் போஸ்ட்-பேக்னு சயின்ஸ் பாடமே 30 கிரெடிட் படிச்சுட்டுப் போட்டா 3.52. பொறுத்திருந்ததுக்கு இத்தனை கூலி வேற எங்க குடுக்கறாங்க?

உடனே உங்கம்மா கேப்பா: 2023-ல எம்.டி. படிப்புல சேர்ந்தவங்களோட சராசரி 3.77, எம்கேட் 511.7, சுமார் 52,500 பேரு போட்டு 23,000 பேருதான் சேர்ந்தாங்க, 3.52 எங்க மூலைக்குன்னு. ஞாயந்தான். இன்னைக்கிருந்து நீ எல்லாத்துலயும் நாலுக்கு நாலே வாங்கினாலும் அந்த 150 கிரெடிட் முடியறப்ப 3.68தான் வரும், அதைத் தாண்டாது. ஆனா கமிட்டி மேசைக்குப் போற தாள்ல மொத்தச் சராசரி மட்டும் இருக்காது. வருசா வருசம் எவ்வளவுன்னு தனித்தனியாப் போட்டிருக்கும். மொத வரியில 2.4. கீழ 3.8, 3.8, 3.8, 3.8. என்ற கூட நடக்கிற டாக்டரு சொன்னாரு: "ஒரு பருவம் எந்திரிச்சா அதிர்ஷ்டம்னு நெனைப்போம். மூணு வருசம் எந்திரிச்சே நின்னா, இனி விழமாட்டான்னு எழுதிக்குவோம்." அவங்க தேடறது அந்தப் பதினெட்டு வயசுப் புள்ளையை இல்லை, அம்மிணி. அது என்ன ஆச்சுன்னுதான் கேக்கறாங்க. பதில் சொல்றதுக்குக் காலம் வேணும். அந்தக் காலத்தைத்தான் நீ ஒறம்பரைக்குப் பயந்து வித்துப்போடப் பார்க்கற.

அதுக்காக, போடறப்ப ஆடி அசைஞ்சு போடலாம்னு நெனைக்காதே. அப்ளிகேசன் மே கடைசி, ஜூன் வாக்குல வாங்க ஆரம்பிப்பாங்க. வர வரப் பார்த்து, கூப்பிட்டுப் பேசி, எடத்தை நெரப்பிக்கிட்டே போவாங்க. கெடு இருக்குதேன்னு ஐப்பசி மழைக்கு அப்பறம் போட்டயின்னா, வரவேற்பாங்க, உக்காரத்தான் எடம் இருக்காது. எந்த வருசம் போடறதுங்கறதுல பொறுமை. போடற வருசத்துல மொத ஆளு. நீ அதைத் தலைகீழாப் பிடிச்சிருக்கற. அரைகொறையாப் போட்டு எடம் கெடைக்காமப் போச்சுன்னா, மறுக்காப் போடறப்ப போன தடவையைவிட என்ன கூடியிருக்குதுன்னு கேப்பாங்க. 2024-ல மொதக் கல்லூரிக்கு 175 டாலரு, அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் நாப்பத்துச் சில்லறைன்னு வாங்கினாங்க. பொறவு கல்லூரிக்குக் கல்லூரி தனிக் கட்டணம் வேற. உங்கப்பன் பர்ஸையும் சித்தெ நெனைச்சுக்கோ.

ஆறாவது, குறுக்கு வழி. டிகிரியே முடிஞ்சு, சராசரி மூணுக்குப் பக்கத்துலயே முட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா, ஸ்பெசல் மாஸ்டர்ஸ்னு ஒண்ணு இருக்குது. மருத்துவ மாணவங்க படிக்கிற பாடத்தையே கூட உக்காந்து படிக்கலாம். அந்த மார்க்கு தனிக் கணக்கு. பழைய சராசரியில ஒரு புள்ளியும் ஏத்தாது. அங்க ஏ வாங்கினா நம்புவாங்க. அங்கயும் சி வாங்கினா, மருத்துவப் பாடம் உனக்கு வராதுங்கறதுக்கு நீயே காசு கட்டிச் சர்டிபிகேட் வாங்கினதா ஆயிரும். செலவும் ஏகம். கடைசியில பார்த்துக்கலாம், மொதல்லயே அங்க ஓடாதே.

டி.ஓ.ன்னு ஒரு வழி இருக்குதுன்னதும் உங்க அத்தை மூக்கைச் சுளிச்சா. "அது முழு டாக்டரா?"ன்னா. மிசூரியில கெர்க்ஸ்வில்னு ஒரு ஊருல ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்ங்கற டாக்டரு 1892-ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்து வழி அது. அம்பது மாநிலத்துலயும் மருந்து எழுதலாம், ஆபரேசன் பண்ணலாம். 2020-ல இருந்து ரெசிடென்சிங்கற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கும் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பந்திதான். 2024-ல ரெசிடென்சி எடம் கெடைச்சது எம்.டி. முடிச்சவங்கள்ல நூத்துக்கு 93 பேத்துக்கு, டி.ஓ.வுல 92 பேத்துக்கு. உங்க அத்தைக்கு நெஞ்சு வலிச்சா அந்த ஒரு ஆளு வித்தியாசத்தைப் பார்த்துக்கிட்டா இருப்பா? வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த அமெரிக்கப் புள்ளைகளுக்கு அதே வருசம் 67தான். கரீபியன் தீவுல கேட்டதும் எடம் குடுக்கறாங்கன்னு சில பேரு கப்பல் ஏறறாங்களே, எடம் கெடைக்கறது சுலபம். முடிச்சு வந்து ரெசிடென்சியில உக்கார்றதுதான் கஷ்டம். கடலு அழகா இருக்குமாமா, அதுல சந்தேகமில்லை.

ஏழாவது, கட்டுரை. 5,300 எழுத்துக்குள்ள எதுக்கு டாக்டராகோணும்னு சொல்லோணும். அதுல முக்காவாசியை மார்க்குக்கு ஒப்பாரி வெச்சே நெரப்பு. வாத்தியாரு பேசினது புரியலைன்னும் எழுது. கமிட்டியில அவரு சிநேகிதரு ஒருத்தரு இருந்தா படிச்சு ரசிப்பாரு. இல்லை, ஒழுங்கா எழுதறதா இருந்தா, அந்த வருசத்துக்கு ரெண்டு வரி போதும்: இது நடந்துச்சு, இதை மாத்தினேன். விளக்கம் வேணும்னா பின்னால கல்லூரிகளே தனிக் கட்டுரையில கேப்பாங்க, அப்பச் சொல்லிக்கலாம். என்ற முழங்கால் ஆபரேசனைப் பார்த்துத்தான் மருத்துவ ஆசை வந்துச்சுன்னு மட்டும் எழுதிப்போடாதே. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ போனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்த. வாரம் நாலு மணி நேரமாச்சும் ஆஸ்பத்திரிப் பக்கம் போ. மார்க்குல விழுந்த ஓட்டையை அடைக்கறதுக்கு இல்லை, அது அடையாது. மாத்திரை வாசமும் ராத்திரிச் சத்தமும் உனக்கு ஒத்துக்குதான்னு நீ தெரிஞ்சுக்கறதுக்கு. ஒத்துக்கலைன்னா வந்து சொல்லு, உங்கம்மாகிட்ட நான் பேசறேன். பத்திரிகை வேலை இன்னும் இருக்குது.

ஒறம்பரையை எங்கிட்ட உட்டுரு. ஊர்ல இருந்து போன் வந்தா இனி நான் எடுத்துக்கறேன். பேத்தி என்ன பண்றான்னா, ஆராய்ச்சி பண்றாம்பேன். பொய் இல்லை, டி ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதும் ஆராய்ச்சிதான. எப்ப முடியும்னா, அமெரிக்காவுல ஆராய்ச்சிக்குக் கெடு ஏதுங்கன்னு கேப்பேன். அதுக்கு மேலயும் தோண்டினா, அவங்க பையன் இஞ்சினியரிங்ல வெச்சிருக்கிற அரியர் எத்தனைன்னு அக்கறையா விசாரிப்பேன். போன் தானா கட்டாயிரும்.

நீ திங்கக்கெழமை போய் அந்தக் கெமிஸ்ட்ரி வாத்தியாரு கதவைத் தட்டு. கூச்சமா இருந்தா என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. எனக்கும் அவருகிட்டக் கேக்கறதுக்கு ரெண்டு கேள்வி இருக்குது. என்ற பேத்திக்கு எதுக்குச் சி மைனஸ் போட்டாருங்கறது ஒண்ணு. அந்த மஞ்சப் புஸ்தகத்தைப் பார்த்தும் டி போடாம எப்படி உட்டாருங்கறது இன்னொண்ணு.